அந்த மூன்று மில்லிமீட்டர்

பீங்கானுக்குப் பேர்போன ஊரில் பீங்கானைப் பற்றிப் பேசாமல் இரும்புத் திருகைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். விருத்தாசலத்தில் மண்ணைப் பற்றிச் சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. பக்கத்தில் நெய்வேலி, அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணடுக்குகளில் வெண்களிமண்ணும் இருக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்றுத்தரும் அரசுக் கல்வி நிலையம் இருக்கிறது. எந்தச் சூட்டில் எந்த மெருகு உருகும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு வெளியிலிருந்து வந்து ஒருவர் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சூளையிலிருந்து இறங்கிய பொருள் பொட்டலத்தில் ஏறி, ஏதோ ஒரு வீட்டின் அலமாரிக் கதவில் கைப்பிடியாக உட்காரும் வரைக்கும் இன்னொரு பயணம் பாக்கி இருக்கிறது. அந்தப் பயணத்தின் கடைசி மூன்று மில்லிமீட்டரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கைப்பிடிக்குப் போடும் திருகின் நீளத்தைச் சூளைக்காரர் தீர்மானிக்க முடியாது, கடைக்காரரும் தீர்மானிக்க முடியாது. கதவின் முன்னால் நின்றுதான் தீர்மானிக்க முடியும். ஆகவே திருகை வெட்டுவது என்பது தப்பைச் சரிசெய்கிற ஒட்டுவேலை அல்ல, மாட்டும் வேலையிலேயே ஒரு படி. இதுதான் என் வாதம். கேட்கச் சின்ன விஷயம். பீங்கான் குமிழ் என்று வரும்போது அது அவ்வளவு சின்னதாக இருப்பதில்லை.

திருகுக்கு மூன்று அளவுகள்: குறுக்களவு, புரிகளுக்கு இடையேயுள்ள தூரம், நீளம். முதல் இரண்டையும் உலகம் எப்போதோ ஒழுங்குபடுத்திவிட்டது. 1841இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் புரிகளுக்கு ஒரே கோணம் 55 பாகை என்றும், ஒவ்வொரு குறுக்களவுக்கும் அங்குலத்துக்கு இத்தனை புரி என்றும் ஒரு முறையை முன்வைத்தார். அதற்கு முன்பு ஒரு பட்டறையில் செய்த போல்ட் இன்னொரு பட்டறையின் நட்டுக்குள் போகும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. எது எதற்கு ஜோடி என்று அடையாளம் போட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு 60 பாகைக் கோணத்தோடு மெட்ரிக் முறை வந்தது. இந்தியாவிலும் 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்குப் பின் நாம் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தோம். இன்று கடையில் எம்-4 என்று கேட்டால் நான்கு மில்லிமீட்டர் குறுக்களவும் 0.7 மில்லிமீட்டர் புரி இடைவெளியும் கொண்ட திருகு கைக்கு வரும். கோயம்புத்தூரில் செய்ததோ லூதியானாவில் செய்ததோ, எம்-4 மரை எதிலும் போகும். மூன்றாவது அளவான நீளத்துக்கும் பட்டியல் உண்டுதான்: 16, 20, 25, 30, 35, 40 என்று. ஆனால் அந்தப் பட்டியல் தாவித் தாவிப் போகிறது. ஐந்து ஐந்து மில்லிமீட்டராகத் தாவும் அந்த இடைவெளியில்தான் நம் வீட்டு அலமாரிகள் அத்தனையும் விழுந்து கிடக்கின்றன.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். இப்போது சாதாரணமாகச் செய்யும் அலமாரிக் கதவு 18 மில்லிமீட்டர் ப்ளைவுட். வெளிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் மைக்கா, உள்பக்கம் கொஞ்சம் மெலிந்த மைக்கா, நடுவில் பசை; எல்லாம் சேர்த்து 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் திருகின் தலைக்கு அடியில் ஒரு வாஷர், அது 0.8. ஆக, திருகின் தலைக்கும் குமிழின் அடிக்கும் நடுவில் 20.8 மில்லிமீட்டர். குமிழுக்குள் பித்தளை மரை பதித்த துளையின் ஆழம் ஒன்பது என்று வையுங்கள். 30 மில்லிமீட்டர் திருகைப் போட்டால் குமிழுக்குள் போக வேண்டியது 9.2. துளையோ 9. குமிழ் கதவில் உட்காருவதற்கு 0.2 மில்லிமீட்டர் முன்னாலேயே திருகின் நுனி துளையின் தரையைத் தொட்டுவிடும். சரி, 25 போடலாமே என்றால், குமிழுக்குள் நுழைவது 4.2 மட்டும். பித்தளைக் குழல் பெரும்பாலும் பீங்கானின் முகத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளித்தான் பதிந்திருக்கும். திருகின் நுனியில் முதல் புரி முழுப் புரி அல்ல. இரண்டையும் கழித்தால் உண்மையில் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டரை மில்லிமீட்டர், அதாவது மூன்றரைப் புரி. கடையில் உள்ள இரண்டு நீளங்களில் ஒன்று எட்டவில்லை, மற்றது முட்டுகிறது. வேண்டியது 27, 28. பட்டியலில் அந்த எண்ணே கிடையாது.

கதவின் கனத்தை நம் தச்சர்கள் நூல் கணக்கில் சொல்வதும் இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது. ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். முக்கால் அங்குலப் பலகை ஆறு நூல் பலகை. மரவேலைக்கு அது அருமையான அளவு. நிலைக்கால், சட்டம், பலகை எல்லாம் அதில் அடங்கிவிடும். கண்ணாலேயே அரை நூல் வித்தியாசத்தைப் பிடிக்கிற ஆசாரிகள் இருக்கிறார்கள். ஆனால் அரை நூல் என்பது 1.6 மில்லிமீட்டர், எம்-4 திருகில் அது இரண்டு புரிக்கும் மேலே. மரத்துக்குப் போதுமான நுணுக்கம் திருகுக்குப் போதவில்லை. பழைய தேக்குப் பலகைக்கும் புதிய ப்ளைவுட்டுக்கும் ஒரே பெயர் சொல்லி ஒரே திருகைப் போடுவதில் பாதிச் சிக்கல் இப்படித்தான் பிறக்கிறது. குறை ஆசாரியின் கண்ணில் இல்லை. ஒரு தொழிலின் அளவை இன்னொரு தொழிலின் பொருளுக்குப் போட்டுவிடுகிறோம்.

திருகு கொஞ்சம் நீளமாக இருந்தால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்கலாம். கைப்பிடி இரும்பு என்றாலோ துத்தநாக வார்ப்பு என்றாலோ பெரிதாக ஒன்றும் முழுகாது; கைப்பிடி ஆடும், அவ்வளவுதான். பீங்கானில் நடப்பது வேறு. பீங்கான் அமுக்கத்தைத் தாங்குகிற அளவுக்கு இழுப்பைத் தாங்காது; ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தாங்கும் என்பது இந்த ஊரில் பாலபாடம். இப்போது நீளத் திருகு குமிழுக்குள் என்ன செய்கிறது என்று பாருங்கள். நுனி துளையின் தரையில் முட்டி நிற்கிறது. குமிழ் இன்னும் கதவில் உட்காரவில்லை. கையால் தொட்டால் லொடலொட என்று சுற்றுகிறது. மாட்டுகிறவருக்கு அது இறுகவில்லை என்றே தோன்றும். ஸ்க்ரூ டிரைவரை இன்னொரு அரைச் சுற்று திருப்புவார். அரைச் சுற்று என்றால் 0.35 மில்லிமீட்டர். அந்த தூரம் போக உள்ளே இடம் இல்லை. நுனி தரையை முன்னால் தள்ளும், புரிகள் பித்தளைக் குழலைப் பின்னால் இழுக்கும். நடுவில் மாட்டிக்கொண்ட பீங்கான் இரண்டு பக்கமும் இழுபடும். எதைத் தாங்காதோ அதையே அதன் தலையில் சுமத்துகிறோம்.

எவ்வளவு விசை என்பதையும் ஒரு நோட்டம் பார்க்கலாம். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நெம்புகோலின் நுனியில் ஒரு கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவு முறுக்கு வருமோ, அந்த அளவு முறுக்கை ஸ்க்ரூ டிரைவரால் யாரும் சிரமமில்லாமல் கொடுத்துவிடுவார்கள். உராய்வில் பெரும்பகுதி வீணாகும், அதைக் கழித்துவிட்டே சொல்கிறேன்: எம்-4 திருகில் அந்த முறுக்கு நீளவாக்கில் சுமார் 120 கிலோ எடைக்குச் சமமான விசையாக மாறுகிறது. இரண்டு ஆள் எடை, கட்டைவிரல் அளவு பீங்கானுக்குள்ளே. சில குமிழ்கள் அந்த நிமிடமே இரண்டாகப் பிளந்துவிடும். சில பிளப்பதில்லை, மெருகுக்கு அடியில் முடி போல ஒரு கீறல் மட்டும் விழும், பித்தளைக் குழல் பசையிலிருந்து லேசாக விடுபடும். ஒரு மாதம் கழித்து யாரோ கதவைத் திறக்கும்போது குமிழ் கையோடு வந்துவிடும். பழி பீங்கான் மேல் விழும். "சைனா களிமண் சாமான், அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். குறை திருகில் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் திருகு முழுசாக அப்படியே இருக்கிறது.

இதே பாடம் வேறு உருவத்தில் நமக்கு முன்பே தெரியும். பழைய வீடுகளில் மரப்பலகையில் பீங்கான் ப்யூஸ் கட்டை மாட்டியிருக்கும், கிட்கேட் என்று சொல்வோமே, அது. அதன் அடிக்கட்டையில் உள்ள துளைகள் வழியாக மரத்திருகு போட்டுப் பலகையில் இறுக்குவார்கள். பழகிய எலெக்ட்ரீஷியன் அந்தத் திருகைக் கடைசி வரை இறுக்கமாட்டார். தலை பீங்கானைத் தொட்டதும் ஒரு கால் சுற்று, அதோடு நிறுத்திக்கொள்வார். பலகை வளைந்திருந்தால் அந்தக் கால் சுற்றும் கிடையாது, அடியில் ஏதாவது அண்டை கொடுத்துவிட்டே இறுக்குவார். பீங்கானைப் பிடித்து நிறுத்தத்தான் திருகு, நசுக்க அல்ல என்பது கைப்பழக்கமாகவே அவர்களிடம் இருக்கிறது. கிட்கேட்டில் திருகின் தலை கண்முன்னால் தெரிகிறது. கை எப்போது நிற்க வேண்டும் என்று கண் சொல்லிவிடும். அலமாரிக் குமிழில் முட்டுகிற இடம் பீங்கானுக்குள்ளே மறைந்திருக்கிறது. அதனால் அங்கே கண்ணை நம்ப முடியாது, நீளத்தை முன்னாலேயே சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"துளையின் ஆழத்தை எல்லாக் குமிழிலும் ஒரே மாதிரி வைத்து, அதற்கேற்ற திருகை நாங்களே பொட்டலத்தில் போட்டுவிட்டால் தீர்ந்ததல்லவா" என்று உற்பத்தியாளர் கேட்பது நியாயம். இரண்டு காரணங்களால் தீராது. ஒன்று, பீங்கானின் சுபாவம். ஈரத்தில் பிடித்த உருவம் காய்ந்து, சூளையில் வெந்து வருவதற்குள் நூற்றுக்குப் பத்துக்கும் மேலே சுருங்கிவிடுகிறது. 4.5 மில்லிமீட்டர் துளை வேண்டும் என்றால் பச்சை மண்ணில் ஐந்துக்கு மேலே வைக்க வேண்டும். மண்ணின் கலவை, ஈரம், அச்சில் அமுக்கிய அழுத்தம், சூளையில் உட்கார்ந்த இடம் எல்லாம் சேர்ந்து அந்தச் சுருக்கத்தைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும். அதனால்தான் இவ்வளவு சின்னத் துளையில் பீங்கானிலேயே புரி வெட்டாமல் பித்தளையைத் தனியாகப் பதிக்கிறார்கள். பதிக்கும்போது பசையின் கனம் இன்னொரு வித்தியாசத்தைக் கொண்டுவரும். இரண்டாவது காரணம் இதைவிட எளியது. குமிழ் எந்தக் கதவுக்குப் போகப்போகிறது என்று குமிழ் செய்கிறவருக்குத் தெரியாது. 12 மில்லிமீட்டர் டிராயர் முகப்புக்கா, 18 ப்ளைவுட்டுக்கா, ஒரு அங்குலத் தேக்குக்கா, பெட்டியின் முன்பலகையும் முகப்புப் பலகையும் சேர்ந்து முப்பதைத் தாண்டுகிற சமையலறை டிராயருக்கா? நான்கு கதவுக்கு நான்கு நீளம். ஒரு திருகைப் போட்டு அனுப்பினால் அது நான்கில் ஒன்றுக்குப் பொருந்தும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

அப்படியானால் வாஷர் போட்டு நிரப்பிவிடலாம் என்பார்கள். ஒரு வாஷர் வேண்டும்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ப்ளைவுட்டின் உள்பக்க மைக்காவில் திருகின் தலை புதையாமல் அது பார்த்துக்கொள்கிறது, கொஞ்சம் அகலமான வாஷர் என்றால் இன்னும் நல்லது. ஆனால் மூன்று மில்லிமீட்டரை வாஷரால் நிரப்ப நான்கு வாஷர் அடுக்க வேண்டும். கதவின் உள்ளே ஒரு சின்னக் கோபுரம் எழும்பி நிற்கும். புடவை மடித்து வைக்கிற அலமாரியில் அந்தக் கோபுரத்தில் துணி மாட்டும். டிராயர் என்றால் உள்ளே இருக்கிற பொருளில் இடிக்கும். அதைவிடப் பெரிய குறை, அடுக்கிய வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதால் இறுக்கம் நிலைக்காது. சிலர் இதற்கு நேர்மாறாக, 25 திருகை வைத்துக்கொண்டு கதவின் உள்பக்கத்தில் அகலமாகக் குடைந்து தலையை உள்ளே இறக்குகிறார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் மைக்காவும் மேல் ஒன்றிரண்டு வெனீர் அடுக்கும் போனபிறகு திருகின் தலை எதன்மேல் உட்காருகிறது? ப்ளைவுட்டின் வலுவே அதன் அடுக்குகளில்தான். அதைச் செதுக்கிவிட்டுத் திருகை மிச்சப்படுத்துவது கூரையைப் பிரித்து விறகு எரிப்பது போலத்தான். பசையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: திருகு போதாமல் பசை வைத்து ஒட்டிய கைப்பிடி ஒருநாள் விழும், விழும்போது மைக்காவையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

ஒடித்துக்கொள்ளும் திருகுகள் இருக்கின்றனவே என்ற கேள்விதான் இவற்றுள் கனமானது. நீளமாக, நடுநடுவே கழுத்து போலக் குறுக்கி வைத்த திருகு. தேவையான இடத்தில் பிளேயரால் பிடித்து ஒடித்துவிட்டால் போதும். நல்ல யோசனை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் கவனித்தீர்களா, அது என் வாதத்தை மறுக்கவில்லை. நீளத்தைக் கதவின் முன்னால்தான் முடிவு செய்ய முடியும் என்பதை ஒப்புக்கொண்டுதான் அந்தத் திருகே பிறந்தது. அதன் கழுத்துகளும் ஐந்து ஐந்து மில்லிமீட்டர் போல இடைவெளி விட்டுத்தான் வருகின்றன என்றால் பட்டியலின் பழைய சிக்கல் அங்கேயும் உண்டு. ஒடிந்த நுனி சொரசொரப்பாக நிற்பதால் அரத்தால் ஒரு தேய்ப்பும் வேண்டும். அரம் எடுத்தபிறகு ஆக்ஸா பிளேடு எடுக்க என்ன தயக்கம்?

வெட்டுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். முதலில் எவ்வளவு வெட்டுவது. இதற்கு வெர்னியர் வேண்டாம். திருகைக் கையால் குமிழுக்குள் விட்டு, தானாக நிற்கும் வரை சுற்றுங்கள். பலம் கொடுக்க வேண்டாம். நின்ற இடத்திலிருந்து மூன்று சுற்று திருப்பி எடுங்கள். ஒரு சுற்றுக்கு 0.7 வீதம், நுனிக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு மில்லிமீட்டர் காலி விட்டாயிற்று. இப்போது தலைக்கும் குமிழின் அடிக்கும் நடுவே வெளியே தெரிகிற நீளம் எவ்வளவோ, அதிலிருந்து கதவின் கனத்தையும் வாஷரையும் கழியுங்கள். மிச்சம்தான் வெட்ட வேண்டியது. நாம் போட்ட உதாரணத்தில் வெளியே தெரிவது 23.1, கழிக்க வேண்டியது 20.8, மிச்சம் 2.3. புரிக்கணக்கில் மூன்றுக்கு மேலே நான்குக்குக் கீழே. நான்கு புரி என்று முடிவு செய்தால் திருகு 27.2 ஆகிறது, குமிழுக்குள் 6.4 போகிறது, பிடிக்கப் போதும், முட்டாது. ஸ்கேலை வைத்து மில்லிமீட்டரைத் தேடுவதைவிடப் புரியை நகத்தால் எண்ணுவது எளிது. திருகே தன் உடம்பில் 0.7 மில்லிமீட்டர் கோடுகளைச் செதுக்கி வைத்திருக்கும்போது வேறு ஸ்கேல் எதற்கு? கதவின் கனத்தைத் தெரிந்துகொள்ளத் துளை வழியாக ஒரு ஈர்க்குச்சியை விட்டு நகத்தால் கிள்ளினால் போதும். ஒரு எச்சரிக்கை: தட்டைத் தலை, உருண்டைத் தலைத் திருகுகளின் நீளத்தைத் தலைக்கு அடியிலிருந்து அளப்பார்கள், மரத்துக்குள் புதைகிற கூம்புத் தலைத் திருகை மட்டும் தலையின் உச்சியிலிருந்தே அளப்பார்கள். இரண்டையும் குழப்பினால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அங்கேயே காணாமல் போகும்.

இனி வெட்டு. கட்டிங் பிளேயரால் நறுக்குவதுதான் வழக்கத்தில் அதிகம், அதுதான் மிக மோசம். அது அறுப்பதில்லை, நசுக்கித் துண்டிக்கிறது. நுனியின் இரண்டு புரிகள் தட்டையாகிவிடும், பித்தளை மரைக்குள் போகாது, பலவந்தமாகச் செலுத்தினால் பித்தளையின் புரியும் சேர்ந்து போகும். எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சில வயர் ஸ்ட்ரிப்பர்களில் புரி போட்ட துளைகள் இருக்கும். திருகை அதில் சுற்றி விட்டுக் கைப்பிடியை அமுக்கினால் சுத்தமாக வெட்டும், திருப்பி எடுக்கும்போது நுனிப் புரியும் நேராகிவிடும். அது இல்லாவிட்டால் ஆக்ஸா போதும். இங்கே பிளேடின் பல் எண்ணிக்கை முக்கியம். வெட்டுகிற பொருளின் மேல் எப்போதும் மூன்று பல்லாவது உட்கார்ந்திருக்க வேண்டும். அங்குலத்துக்கு 18 பல் உள்ள பிளேடில் ஒரு பல்லுக்கு 1.4 மில்லிமீட்டர், நான்கு மில்லிமீட்டர் திருகின் மேல் மூன்று பல் உட்காராது, மாட்டி மாட்டி இழுக்கும், பல் உடையும். 24 பரவாயில்லை, 32 பல் என்றால் ஐந்து பல் உட்காரும், வெட்டு வெண்ணெய் மாதிரிப் போகும். வெட்டுவதற்கு முன் திருகில் இரண்டு நட்டைச் சுற்றி ஒன்றோடொன்று இறுக்கிவிட்டு, அந்த நட்டுகளை வைஸில் பிடிக்க வேண்டும். புரியை நேரடியாக வைஸில் பிடித்தால் அதுவும் நசுங்கும். வெட்டியபிறகு நுனியை அரத்தால் சாய்த்துத் தேய்த்துக் கூம்பாக்கிவிட்டு நட்டைக் கழற்றினால், வெளியே வரும் நட்டே கடைசிப் புரியைச் சரிசெய்துகொண்டு வரும். கிரைண்டரில் நொடியில் வெட்டலாம் என்பவர்களுக்கு: வெட்டலாம், ஆனால் நுனி நீலம் பாயும் அளவுக்குச் சுடும், மேல் பூச்சு போகும், மழைக்காலத்தில் அங்கேதான் முதலில் துரு ஏறும்.

குமிழின் முகத்திலிருந்தே போல்ட் உள்ளே போய், கதவின் உட்புறம் நட்டு போடுகிற ஒரு வகையும் உண்டு. குர்ஜாவிலும் ஜெய்ப்பூரிலும் செய்து வெளிநாடு போகிற வண்ணக் குமிழ்களில் பல இந்த மாதிரி. எந்தக் கதவுக்கும் போதட்டும் என்று நீளமான போல்ட்டோடு வருவதே வழக்கம். இங்கே துளைத்தரை இல்லை, ஆகவே முட்டும் பயமும் இல்லை. ஆனால் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால், அலமாரிக்குள் கை விடுகிறவரின் புறங்கையைக் கிழிக்கும். நட்டின் கனம் 3.2, அதற்கு வெளியே இரண்டு புரி, அவ்வளவு விட்டால் போதும். மாட்டிய நிலையிலேயே வாலை அறுக்கலாமா என்றால், கூடாது. ஆக்ஸாவின் ஒவ்வொரு இழுப்பும் போல்ட் வழியாகப் பீங்கானைக் குலுக்கும். அடையாளம் போட்டுக்கொண்டு கழற்றி, வைஸில் அறுத்து, பீங்கானுக்கும் இரும்புத் தலைக்கும் நடுவில் ஒரு ரப்பர் அல்லது ஃபைபர் வாஷர் வைத்துத் திரும்ப மாட்ட வேண்டும்.

அங்குலப் புரியின் மிச்சசொச்சம் இன்னும் நம் கடைகளில் இருக்கிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 5/32 அங்குல விட்வொர்த் திருகின் குறுக்களவு 3.97 மில்லிமீட்டர், எம்-4 பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அதில் அங்குலத்துக்கு 32 புரி, இடைவெளி 0.794. பத்துப் புரியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விலகிப்போகும். எம்-4 மரையில் அது மூன்று நான்கு சுற்று சாதுவாகப் போய்ப் பிறகு பிடித்துக்கொள்ளும். அமெரிக்கக் கைப்பிடிகளில் வருகிற எட்டாம் நம்பர் திருகுக்கும் இதே 32 புரிதான், ஆகவே ஏற்றுமதிக்குக் குமிழ் அனுப்புகிறவருக்கும் இந்தக் கண்ணி உண்டு. நீளம் சரியாக இருந்து புரி தப்பினால் பீங்கானுக்கு நேர்வது அதே கதிதான். கையால் சுற்றிக் கடைசி வரை போகாத திருகை ஸ்க்ரூ டிரைவரால் போக வைக்கக் கூடாது.

இத்தனையும் சரியாகச் செய்தபிறகும் ஒருநாள் குமிழ் ஆடத்தான் போகிறது, அப்போது நீளத்தின் மேல் சந்தேகப்பட வேண்டாம். மரம் மூச்சு விடுகிற பொருள். இறுக்கும்போது 20 மில்லிமீட்டர் திருகு இழுபட்டு நீள்வது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். ஐப்பசி மழையில் ஈரம் ஊறின தேக்குப் பலகை சித்திரை வெயிலில் உலர்ந்து கனத்தில் சுருங்குவது அதைவிடப் பல மடங்கு அதிகம். ப்ளைவுட்டும் கனவாட்டில் இதற்கு விலக்கல்ல. திருகு சேர்த்து வைத்த இழுப்பு முழுவதையும் மரம் விழுங்கிவிடுகிறது, குமிழ் தளர்கிறது. அப்போது ஆத்திரத்தோடு இறுக்கினால் அடுத்த மழையில் பலகை ஊதி, அந்த இறுக்கத்தோடு தன் பங்கையும் சேர்த்துப் பீங்கானின் மேல் போடும். தளர்ந்ததைத் தொட்டு நிற்கும் வரை திருப்பி, ஒரு கால் சுற்று. கிட்கேட்டுக்கு எலெக்ட்ரீஷியன் கொடுக்கிற அதே கால் சுற்று.

இதையெல்லாம் வீட்டுக்காரர் செய்ய முடியுமா, அவரிடம் ஆக்ஸா இருக்குமா, வைஸ் இருக்குமா என்பது மிஞ்சியிருக்கும் ஆட்சேபம். இருக்க வேண்டியதில்லை. ஹார்டுவேர் கடையில் திருகு வாங்குகிற இடத்திலேயே ஒரு வைஸும் 32 பல் பிளேடும் இருந்தால் ஒரு திருகுக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. கண்ணாடிக் கடையில் அளவு சொன்னால் அங்கேயே அறுத்துத் தருவது நமக்குப் புதிதா? அளவு சொல்ல வாங்குகிறவருக்கு வேண்டியது இரண்டே எண்கள். கதவின் கனம் அவர் வீட்டில் இருக்கிறது. மற்றது குமிழின் துளை ஆழம். அது சூளைக்காரரிடம் இருக்கிறது, இன்றைக்கு அது பொட்டலத்தில் எங்கும் எழுதப்படுவதில்லை. வண்ணம் எழுதுகிறார்கள், எத்தனை உருப்படி என்று எழுதுகிறார்கள், உடையும் பொருள் என்று சிவப்பில் எழுதுகிறார்கள். சுருக்கத்தால் ஆழம் உருப்படிக்கு உருப்படி மாறுகிறது என்றால், ஒரு சூளை இறக்கத்தில் எடுத்த பத்துக் குமிழில் மிகக் குறைந்த ஆழம் எதுவோ அதையே எழுதட்டும். குறைத்துச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை, கூட்டிச் சொன்னால்தான் பீங்கான் உடையும். எம்-4, துளை ஆழம் 9 மில்லிமீட்டர், திருகு முட்டக் கூடாது. சிவப்பில் எழுதுகிற வரிக்குப் பக்கத்திலேயே இதற்கும் இடம் இருக்கிறது.